அக்கரைப் பெயரும் இக்கரைக் காதும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் கோட்டூர்புரத்தில் இருந்தவர்களுக்கு, ஒரு குடும்பத்தின் வரலாறு எத்தனை சுலபமாக நனையும் என்று தெரியும். அடையாறு வடிந்த பிறகு மொட்டை மாடிகளில் மெத்தைகளுக்கு நடுவே ரேஷன் அட்டைகளும் பள்ளிச் சான்றிதழ்களும் வீட்டுப் பத்திரங்களும் காய்ந்தன. கல்யாண ஆல்பங்களின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் ஒரு பக்கத்து முகம் உரிந்து எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடும். எங்கள் தாத்தாவின் ஒரே படம் அப்படித்தான் போயிற்று. அவர் எப்படி இருந்தார் என்பது இப்போது என் அத்தையின் வாய்ச்சொல்லில் இருக்கிறது. அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது.

சில ஆண்டுகள் கழித்து, இதே கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த ஒருவரோடு பேச நேர்ந்தது. என்னைவிட மூத்தவர். தமிழ் படிக்கத் தெரியாது. பேச்சில் பத்துப் பதினைந்து சொற்கள் மிச்சம். கையில் ஒரு நகல் தாள். அதில் ஓர் எண், முனுசாமி என்று ஊகிக்கக்கூடிய ஒரு பெயர், தகப்பன் பெயர், வயது, உடலில் உள்ள தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம். அவ்வளவும் ஆங்கில எழுத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி. தாலுகா வாண்டிவாஷ் என்றிருந்தது. அது வந்தவாசி என்று நான் சொன்னதும் அந்தச் சொல்லை அவர் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக அவர் குடும்பம் தப்பாக உச்சரித்துவந்த ஊர்.

ஆப்பிரிக்கக் குடும்பங்களின் வரலாற்றை நூலாகவும் படமாகவும் ஒலிப்பதிவாகவும் காப்பாற்றும் முயற்சிகளைப் பற்றிப் பேசும்போது நமக்கு அது எங்கோ நடக்கும் காரியமாகத் தோன்றுகிறது. ஆனால் ஆப்பிரிக்கக் குடும்பங்களில் ஒரு பெருந்தொகை இந்த மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. அவர்களுடைய வரலாற்றின் மறுமுனை நம் ஊர்களில் கிடக்கிறது. அந்த முனையில் இதுவரை பேச்சே இல்லை என்பதுதான் என் குறை.

'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 அக்டோபரில் மதராசை விட்டுக் கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாகப் போனவர்கள், தமிழர்களும் தெலுங்கர்களும். வட ஆர்க்காடு ஜில்லா கொடுத்த எண்ணிக்கை மிக அதிகம். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி, பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 1866இல் நின்ற போக்குவரத்து 1874இல் மீண்டும் திறந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கப்பலுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு அதைவிட வசதியான காலம் வேறென்ன?

கப்பலேறியவர்களின் பெயர்களைப் பதிந்த கப்பல் பட்டியல்கள் டர்பனில் பாதுகாக்கப்பட்டு, பின்னர் ஆய்வாளர்கள் கையால் கணினியில் ஏறிவிட்டன. பெயரையோ எண்ணையோ தட்டினால் வரி வந்து நிற்கிறது. மொரீஷியஸ் இன்னும் ஒரு படி மேலே. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் ஒப்பந்தக் குடியேறிகளின் ஆவணங்களோடு அவர்களுடைய புகைப்படங்களும் இருக்கின்றன. குடும்பத்தார் கேட்டால் தேடித் தருகிறார்கள். போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலக மரபுச் சின்னமானது. 2015இல் அந்த ஆவணத் தொகுப்பு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது.

ஆக, ஏட்டுக்குப் பஞ்சமில்லை. அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகளுக்கு இப்படி ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது. அவர்களைச் சரக்காக எழுதினார்கள், பெயரோடு எழுதவில்லை. நம்மவர்களைப் பெயரோடு எழுதினார்கள். அதில் ஒரு சிக்கல். எழுதியவர் முதலாளி பக்கத்து ஆள். தழும்பு எதற்கு? ஓடிப்போனால் பிடிக்க. உயரம் எதற்கு? அதற்கேதான். குடும்பத்தின் மூலப் பத்திரம் என்று இன்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும் தாள் அந்தக் காலத்துக் காவல் நிலையக் குறிப்புக்குப் பக்கத்து வீடு.

அதைவிடப் பெரிய சிக்கல் காது. மங்கம்மா, மங்காயி, மாங்கனி மூன்றும் அந்த எழுத்தரின் பேனாவில் ஒரே பெயராகலாம். பள்ளிப்பட்டு என்ற ஊர் ஒன்றா இரண்டா? சாதிக் கட்டத்தை நம்பிப் போனால் இன்னும் மோசம்; கப்பலில் ஏறும்போதே வேறு சாதியைச் சொன்னவர்களும் உண்டு, எழுத்தரே ஒன்றை நிரப்பியதும் உண்டு. இறங்கிய இடத்தில் பட்டப்பெயர்கள் குடும்பப் பெயர்களாக உறைந்தன. முதலி 'மூட்லி' ஆனார், நாயுடு 'நைடூ', கவுண்டர் 'கோவெண்டர்'. இங்கே போன நூற்றாண்டில் பேருக்குப் பின்னால் இருந்த சாதியை நாம் வெட்டிப் போட்டோம். அங்கே அது சாதிப் பாரம் குறைந்து வெறும் விலாசமாகத் தங்கிவிட்டது. ஒரு கோவெண்டரைப் பார்த்து 'நீங்கள் கொங்கா?' என்று கேட்பவர் நம்மூர்க்காரராக மட்டுமே இருக்க முடியும். அந்தக் கேள்வி பெரும்பாலும் தப்பு.

இந்தக் கட்டங்களில் இல்லாத ஒன்று குலதெய்வம். நம்மவர்களில் ஊரை மறந்த குடும்பம் உண்டு, குலதெய்வத்தை மறந்த குடும்பம் குறைவு. பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்த எங்கே போவீர்கள் என்ற ஒரு கேள்வி, ஆர்க்காட்டு வட்டாரத்தையே ஏழெட்டு ஊர்களாகச் சுருக்கித் தந்துவிடும். உறவுச் சொல்லும் அப்படித்தான். டர்பன்காரர் தன் பாட்டியை 'ஆயா' என்று சொன்னார். ஆச்சி என்றிருந்தால் தெற்கே தேடலாம், அப்பத்தா என்றிருந்தால் மதுரைப் பக்கம். ஆயா என்பது வந்தவாசிக்குப் பொருந்துகிறது. ஒப்பந்தத் தாளில் ஏறாத இந்தச் சான்றுகள் குடும்பத்தின் நாக்கில் ஏறி நூற்றைம்பது வருஷம் வந்திருக்கின்றன. அவற்றைப் படிக்க ஒரு தமிழ்க் காது வேண்டும். டர்பனில் அது அருகிவருகிறது.

ஏன் அருகியது என்பதற்கு அரசியல் காரணம் ஒன்று உண்டு. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. நிறவெறி அரசை எதிர்த்து நாம் எடுத்த சரியான முடிவு. நம் கடவுச்சீட்டு அந்த நாட்டுக்குச் செல்லாது என்றே அச்சடித்திருந்த காலமும் உண்டு. 1993இல்தான் தூதரக உறவு திரும்பியது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தமிழ் எழுதத் தெரிந்த தலைமுறை இரண்டு பக்கமும் மறைந்தது. கடிதப் போக்கு நின்றது. அங்கே டிரங்குப் பெட்டியில் இருக்கும் தமிழ்க் கடிதத்தை அந்த வீட்டில் யாராலும் படிக்க முடியாது. இங்கே யாருக்கும் அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. நியாயமான ஒரு தடைக்கும் குடும்பங்கள் விலை கொடுத்தன.

அங்கே எழுதப்பட்ட நூல்கள் ஒரு சிறு அலமாரியை நிரப்பும். அஷ்வின் தேசாயும் கூலாம் வாஹெதும் எழுதிய 'இன்சைட் இண்டென்ச்சர்' ஒப்பந்தக் காலத்தை மனிதர் மனிதராகச் சொல்கிறது. மனுக்களையும் வழக்குத் தாள்களையும் கிண்டி, எண்ணுக்குள் இருந்த ஆளை வெளியே எடுக்கிறது. என் பார்வையில் அந்த அலமாரியில் முதலில் எடுக்க வேண்டிய நூல் அது. டாக்டர் கூனம் 1991இல் தன் வாழ்க்கைக் கதைக்கு 'கூலி டாக்டர்' என்று பெயர் வைத்தார். கூலி நமக்கு உழைப்பின் ஊதியம்; வீட்டில் தினமும் புழங்கும் சொல். ஆப்பிரிக்காவுக்குப் போனதும் அது வசையாயிற்று. காந்தியையே கூலி பாரிஸ்டர் என்றார்கள். எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பிய டர்பன் தமிழ்ப் பெண் அந்த வசையைத் தலைப்பில் ஏற்றிக்கொண்டது, தமிழருக்கு இரட்டையாகக் கேட்கும். ஆங்கில வாசகருக்கு ஒற்றையாக.

ரோனி கோவெண்டரின் கேட்டோ மேனர் கதைகள் வேறு வகை. 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து இந்தியக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பலரும் போய்ச் சேர்ந்த இடம் 1960களில் கட்டிய சாட்ஸ்வொர்த். தெரு கலைந்தால் அந்தத் தெருவின் ஞாபகமும் கலைந்துவிடும். அவர் கதையிலும் மேடையிலும் அந்தத் தெருவைத் திரும்பக் கட்டினார். ஜோஅன் ஜோசப் 2021இல் எழுதிய 'சில்ட்ரன் ஆஃப் சுகர்கேன்' நாவலுக்குத் தூண்டுதல் அவருடைய கொள்ளுப்பாட்டி. ஆவணம் தராத இடத்தைக் கற்பனையால் நிரப்பும் இந்த வழி எனக்குப் பிடிக்கிறது, நாவல் என்று அட்டையில் ஒளிக்காமல் போட்டிருக்கும்வரை.

தம்பி நாயுடு குடும்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மொரீஷியஸில் பிறந்து டிரான்ஸ்வாலில் காந்தியோடு சிறை சென்றவர் அவர். மனைவி வீரம்மாள் 1913 போராட்டத்தில் சிறை சென்றார். பேரன் இந்திரஸ் நாயுடு ராபன் தீவுச் சிறையில் பத்து வருஷம் இருந்துவிட்டு, அந்த அனுபவத்தை 1982இல் 'ஐலண்ட் இன் செயின்ஸ்' என்று எழுதினார். இந்த வம்சத்தின் வரலாற்றுக்கு போலீஸ் கோப்பே குடும்ப ஆல்பம்.

தமிழில் என்ன இருக்கிறது? பாரதி கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதார், அது பிஜி. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கை. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' மலேயா. வால்பாறைத் தேயிலைக் காட்டைப் பற்றிய பி.எச். டேனியலின் ஆங்கில நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்து, பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடியாயிற்று. தென்னாப்பிரிக்காவுக்கு நாம் வைத்த நினைவு ஒரு பெயர்: தில்லையாடி வள்ளியம்மை. ஜோகனஸ்பர்க்கில் பிறந்து, சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த பெண். அவருடைய குடும்பத்தின் ஊர் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அந்தப் பெயர் இருக்கிறது. தீபாவளிக்குப் புடவை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்க்கிறார்கள்? ஒருவருக்குச் சிலை வைத்தால் கப்பலேறிய ஒன்றரை லட்சம் பேரை மறக்க அனுமதி கிடைத்துவிடுகிறது.

திரும்பி வந்தவர்களை அதைவிட நன்றாக மறந்திருக்கிறோம். 1910இல் டிரான்ஸ்வாலிலிருந்து நாடு கடத்தப்பட்ட சத்தியாக்கிரகிகள் மதராசில் இறங்கியபோது ஜி.ஏ. நடேசன் அவர்களைப் பார்த்துக்கொண்டார். இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் 1927இல் செய்த கேப்டவுன் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊக்கத்தொகை கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த ஒப்பந்தத்தின் பேரில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக டர்பன் போனவர் நம் மயிலாப்பூர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அங்கே அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. இங்கே இறங்கியவர்களுக்கு இருந்தது 1931இல் பவானி தயாள் சன்யாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் எழுதிய ஓர் அறிக்கை. ஆப்பிரிக்காவில் பிறந்து, தமிழ்நாட்டில் சொந்தம் என்று ஒரு திண்ணைகூட இல்லாமல் கரையேறியவர்களின் பாடு அதில் வருகிறது. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று நம்மோடு பஸ்ஸில் போகிறார்கள். தாங்கள் ஓர் ஆப்பிரிக்கக் குடும்பம் என்பது அவர்களில் சிலருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2017இல் வந்த 'கீப்பிங் அப் வித் த கந்தசாமீஸ்' சாட்ஸ்வொர்த் அண்டை வீட்டுச் சண்டையை வைத்துச் சிரிக்க வைத்தது; தொடர்ச்சிகளும் வந்தன. ஆய்வுப் படங்களைவிட இந்த நகைச்சுவைப் படம் அந்த ஊர்ப் பேச்சின் ராகத்தையும் மாமியார்களின் கை அசைவையும் அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து ஆய்வாளர் தேடி வருவது இதையாகத்தான் இருக்கும்.

குடும்ப வரலாறு எழுதுபவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலியிடம் வந்து சேர்வார்கள். 1976இல் 'ரூட்ஸ்' வந்தது. அது தொடராக வந்த மறு ஜனவரியில் எட்டு இரவுகள் அமெரிக்கா தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தது. 'ஏழு தலைமுறைகள்' என்று தமிழிலும் அதைப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே உண்டு. காம்பியாவின் ஜுஃபூரே கிராமத்தில் வம்ச வரலாறு சொல்லும் கிரியோ ஒருவர், தன் மூதாதை குண்டா கிண்டே பிடிபட்டதைச் சொன்னதாக ஹேலி எழுதினார். பிறகு வந்த ஆய்வாளர்கள் அதை ஐயத்தோடு பார்த்தார்கள்: தேடி வந்தவர் எதைத் தேடுகிறார் என்று அந்த ஊருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வேறொரு நாவலிலிருந்து பகுதிகள் எடுத்தாளப்பட்டதாக வந்த வழக்கும் 1978இல் பணம் கொடுத்து முடிந்தது. ஆனாலும் லட்சக்கணக்கான கறுப்புக் குடும்பங்கள் தங்கள் பாட்டிகளிடம் கேள்வி கேட்கத் தொடங்கியது அந்த நூலால்தான். ஒலிப்பதிவு செய்பவருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கொடுக்கக் கூடாது. 'தாத்தா நேட்டாலுக்குத்தானே போனார்?' என்று கேட்டால் பாட்டி ஆமாம் என்பாள். 'தாத்தா எங்கே போனார்?' என்று கேட்டால் அவள் சொல்வது வேறாக இருக்கலாம்.

கிரியோவைப் போன்றவர்கள் நமக்கு அந்நியமில்லை. கர்நாடகத்தில் ஹெளவர்கள் மாட்டின் மேல் ஊர் ஊராகப் போய் வீட்டு வாசலில் வம்சம் ஒப்பிப்பார்கள். ஹரித்வாரில் பண்டாக்களின் பேரேட்டில் குடும்பங்கள் கையெழுத்திட்டு வைத்திருக்கின்றன. தமிழரின் கூத்து நேட்டாலுக்கும் போய், அங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் மாறி ஆடிக்கொண்டிருந்தது. பாட்டு கடல் தாண்டும், பத்திரம் தாண்டாது.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. இலங்கையில் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடி. போர்த்துகீசியரும் பிறகு வந்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிப்பாய்கள், அடிமைகள் ஆகியோரின் வழிவந்த காப்பிரிக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. மஞ்ஞா என்ற பாட்டை ரபானும் கரண்டியும் போத்தலும் தேங்காய்ச் சிரட்டையும் தட்டிப் பாடுகிறார்கள். பாட்டின் மொழி போர்த்துகீசியக் கிரியோல்; பாடுபவர்களில் பலருக்குச் சொல்லின் பொருள் முழுக்கத் தெரியாது, தாளம் தெரியும். ஷிஹான் டி சில்வா ஜயசூரிய இவர்களைப் பற்றி நெடுங்காலம் எழுதிவருகிறார். அதேபோல் ஆப்பிரிக்க வழிவந்த குஜராத்தின் சித்தி மக்களை நசீர் ஜைரஸ்பாயும் ஏமி காட்லினும் ஒலிப்பதிவும் படமும் எடுத்தார்கள். பெஹ்ரோஸ் ஷ்ராஃப் அவர்களையே பேச வைத்துப் படங்கள் எடுத்தார். கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் காடுகளிலும் சித்திகள் உண்டு. இவர்களுக்குக் கப்பல் பட்டியல் கிடையாது, எண் கிடையாது, தழும்புக் குறிப்பு கிடையாது. ஒலிப்பதிவுதான் அவர்களுடைய மூலப் பத்திரம். ஆகவே நேட்டால் தமிழரிடம் ஏடு இருக்கிறது, குரல் போய்விட்டது. சிறாம்பியடிக்காரரிடம் குரல் இருக்கிறது, ஏடு இல்லை. இரண்டில் எதை இழப்பது மேல் என்று என்னைக் கேட்டால், ஏட்டை என்பேன்.

குரலைக் காப்பதும் லேசில்லை. ஒலிநாடா சென்னையின் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். பிடிக்காவிட்டாலும் ஓட்ட இயந்திரம் இராது. இப்போது கைப்பேசியில் எடுப்பது சுலபம், காப்பது அதே கஷ்டம். வாட்சப்பில் அனுப்பிய ஒலி நசுங்கிப் போகும், போன் மாறினால் தொலையும். ஆவணக் காப்பாளர்கள் உலகெங்கும் சொல்லும் அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி. 1982இல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இசையியல் ஆவணக் காப்பகமும், 2005இல் தொடங்கிய ஈழத்தமிழர்களின் நூலக நிறுவனமும் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. டர்பனில் காந்தி-லுத்துலி ஆவண மையம் போராட்டக்காரர்களின் நேர்காணல்களை வைத்திருக்கிறது. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசப்பட்டவை. பாட்டி தமிழில் சொன்னதைப் பேரன் ஆங்கிலத்தில் ஞாபகப்படுத்துகிறார்.

சென்னையில் இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். குடியேற்றத்தைப் பற்றிய மதராஸ் அரசின் பழைய தாள்கள் அங்கே. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். கோட்டூர்புரத்தில் நூலகத்துக்குப் பக்கத்திலேயே தமிழ் இணையக் கல்விக்கழகம். ஆயிரக்கணக்கான நூல்களை அது மின்னாக்கம் செய்திருக்கிறது. குறைவது ஒரு மேசை. வெளிநாட்டிலிருந்து தாளோடு வருபவர் உட்காரவும், அந்தப் பெயரைச் சரியாகப் படித்துச் சொல்லும் ஒருவர் எதிரில் இருக்கவும் ஒரு மேசை. பழைய தாலுகா எல்லைகளும் ஊர்ப் பெயர்த் திரிபுகளும் குலதெய்வக் கோயில்களும் சேர்ந்த ஒரு பட்டியல் அந்த மேசையில் இருந்தால் போதும். மொரீஷியஸ் ஒரு சின்னத் தீவு, அது செய்கிறது.

டர்பன்காரர் வந்தவாசிக்குப் போய்விட்டு வந்தார். கிராமம் இதுவா அதுவா என்று இரண்டு ஊர்களுக்கு நடுவே தேடல் நின்றிருக்கிறது. இரண்டிலும் அக்கரைச் சீமை போன ஒருவரைப் பற்றி யாரோ கிழவர் சொல்லக் கேட்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்களாம். கிழவர் இல்லை.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கதை இருந்தால், நேட்டாலோ மொரீஷியஸோ ரீயூனியனோ, சொல்பவர் இருக்கும்போதே கைப்பேசியை எதிரில் வையுங்கள். தேதி, பேசுபவர் பெயர், ஊர், பழைய தாலுகா, குலதெய்வம் ஐந்தையும் முதலில் அவர் வாயாலேயே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். என் அத்தையிடம் போன ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கினேன். நாற்பது நிமிஷம் வந்திருக்கிறது.